சேணமும் சங்கிலியும்: வாசகர் கேள்வி – பதில்

நில அளவைத் துறையில் 34 வருடம் சங்கிலி பிடித்தவன் நான். ஓய்வு பெற்றபின் சேணம் பிடித்தேன். கடலூருக்கும் பாகூருக்கும் நடுவில், தென்பெண்ணைக் கரையோரக் கிராமம். வீட்டில் ஒரே ஒரு பெண் குதிரை, பெயர் செவலை. வழக்கமாக இந்தப் பகுதிக்குத் தீவனம், லாடம், வயிற்றுவலி என்றுதான் கேள்வி வரும். இந்த முறை பாதிக்கு மேல் பாதையைப் பற்றியே வந்திருக்கிறது. கொள்ளும் தவிடும் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

ஐயா, மூன்று வருடம் முன்பு அந்தியூர் சந்தையில் ஒரு கத்தியவாரிப் பெண் குதிரை வாங்கினேன். தினமும் காலையில் எங்கள் ஏரிக்கரைக்குப் பின்னால் முந்திரித் தோப்பு வழியாகப் போகிற வண்டிப்பாதையில் ஓட்டுவேன். போன தை மாதம் ஒருவர் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். கேட்டால் "என் பட்டா" என்கிறார். இப்போது தார் ரோட்டில்தான் போகிறேன். லாரி வந்தால் குதிரை பக்கவாட்டில் பாய்கிறது. குதிரைக்கென்று தனிப் பாதை கேட்டு மனு கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், நடுவீரப்பட்டு அருகே

தம்பி, மனு கொடுங்கள். ஆனால் அதில் "குதிரை" என்ற வார்த்தையே வர வேண்டாம்.

"குதிரைக்குப் பாதை வேண்டும்" என்று எழுதினால், பிரித்துப் படிக்கிறவர் மனதில் என்ன படம் வரும்? வசதியான வீட்டுப் பையன், கூலிங் கிளாஸ், கையில் செல்போன். மனு கட்டின் அடிக்குப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது புதுப் பாதை இல்லை, ஏற்கெனவே இருந்த பாதை. அதற்குக் காகிதத்தில் ஒரு பெயரும் இருக்கிறது: வண்டிப்பாதை. மாட்டுவண்டிக்காக விட்டது. குதிரைக்கும் அதுவே போதும், மண் தரையானதால் குளம்புக்குத் தாரைவிட நல்லதும்கூட.

முதலில் அந்த இடத்தின் சர்வே எண்ணைப் பிடியுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் பட்டாவைப் பார்த்தாலே நூல் கிடைத்துவிடும். பிறகு வருவாய்த் துறையின் இணைய சேவையில் 'அ' பதிவேடும் (எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை என்று எழுதிய கிராமக் கணக்கு) புலப்படமும் எடுங்கள். புலப்படம் என்றால் எல்லாரும் எஃப்.எம்.பி. என்கிறார்களே, அதுதான், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவோடு வரைந்த படம். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த மாதிரிப் பாதை புலப்படத்தில் தனி உட்பிரிவாக, இரண்டு பக்கமும் முழுக்கோட்டோடு இருக்கும். பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிற பாதை என்றால் புள்ளிக்கோடுதான். முழுக்கோடு என்றால் மண்ணே சர்க்காருடையது. புள்ளிக்கோடு என்றால் மண் அவருடையது, நடக்கிற உரிமை நமக்கு உண்டா என்பதுதான் கேள்வி. "என் பட்டா" என்று அவர் சொல்வது இதில் எது என்று படத்தைப் பார்க்காமல் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஒரு பழைய கதை. 1980களில் யு.டி.ஆர். வேலை, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற வேலை, நடந்தபோது பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அளந்துகொண்டிருந்தோம். சித்திரை வெயில். இரும்புச் சங்கிலி கையில் பிடிக்க முடியாமல் சுட்டது, துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தோம். ஒரு சங்கிலிக்கு 100 லிங்க், 66 அடி. பழைய படத்தில் வண்டிப்பாதை அகலம் 20 லிங்க், அதாவது 13 அடிக்குக் கொஞ்சம் மேல். தரையில் போட்டுப் பார்த்தால் 7 லிங்க். நாலரை அடி. வண்டி எங்கே போகும்? ஆள்தான் போகலாம், அதுவும் எதிரே ஆடு வராமல் இருந்தால். பக்கத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் மாட்டை நிறுத்தக்கூட இல்லை. "ஏர் திரும்ப இடம் வேணுமில்ல சார்" என்றார். இந்தப் பக்கத்துக்காரர் வருடத்துக்கு ஒரு சால், அந்தப் பக்கத்துக்காரர் ஒரு சால். ஒரே ராத்திரியில் பாதையைத் திருடியவரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. முள்கம்பி கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே இருபது வருடமாக ஏர் அந்த வேலையைச் செய்து முடித்திருக்கும்.

அதனால் உங்கள் ஊரிலும் கம்பி போட்டவர் ஒருவரை மட்டும் வில்லனாக்காதீர்கள். அளவு வந்தால் எதிர்ப்பக்கத்துக்காரர் கொல்லையிலும் நாலு அடி வெளியே வரும். மனுவில் கையெழுத்துப் போட்டவரே அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கையெழுத்து என்றதும் சொல்கிறேன். நீங்கள் ஒருத்தர் மட்டும் போட்டால் அது ஆசைக்குக் குதிரை வளர்க்கிற பையனின் மனு. அந்த வழியாக மாடு ஓட்டிப்போகிற அம்மா, முந்திரிக்கொட்டை மூட்டையை டிராக்டரில் ஏற்றுகிறவர், ஐயனார் கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிற குடும்பங்கள், சுடுகாட்டுக்குப் பாடை தூக்கிப் போகிற தெரு, இவர்கள் போட்டால் அது ஊர் மனு. வட்டாட்சியருக்குக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு நகல். ஜமாபந்தி (தாலுக்காவில் வருடா வருடம் நடக்கிற வருவாய்க் கணக்குத் தணிக்கை) சமயமாக இருந்தால் அங்கேயும். கிராம சபையில் தீர்மானமாக ஏற்றப் பாருங்கள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, எது கிட்டத்தில் வருகிறதோ அது. மனு என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

புறம்போக்குப் பாதை என்று உறுதியானால் 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. 7-வது பிரிவில் நோட்டீஸ், அதன்பின் 6-வது பிரிவில் அகற்றல். எண் தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், எழுதியவர்கள் அப்படி எழுதிவிட்டார்கள். புள்ளிக்கோடு என்றால் வேறு வழி. 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு: 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் அந்த வழிக்கு உரிமை வரும். ஆனால் அந்த 20 வருடம், வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். கம்பி போட்டு மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டு வக்கீலிடம் போனால் அவர் உதட்டைப் பிதுக்குவார். தை மாதம் போட்டது என்கிறீர்கள், நேரம் இருக்கிறது. நீங்கள் குதிரை வாங்கியே மூன்று வருடம்தான், ஆகவே சாட்சி நீங்கள் இல்லை. ஊர்ப் பெரியவர்கள்தான். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கட்டிங் பிளேடு எடுத்துக்கொண்டு ராத்திரி போய்க் கம்பியை வெட்டாதீர்கள். மறுநாளே நீங்கள் மனுதாரர் இல்லை, குற்றவாளி. அளந்து அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லித் தாலுக்காவில் பணம் கட்டுங்கள். அதுவரை தார் ரோட்டில் போகத்தான் வேண்டும் என்றால் விடிந்த பிறகு போங்கள். கருக்கலில் வேண்டாம். குதிரையின் கால்களிலும் உங்கள் முதுகிலும் ஒளிரும் பட்டை இருக்கட்டும். தாரில் டிராட் (துள்ளோட்டம்) வேண்டாம், நடைதான். லாடம் போட்ட குளம்பு நனைந்த தாரில் வழுக்கும்.

மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். அங்கே வயல் நடுவில்கூடக் குதிரைக்கென்று பாதை இருக்கிறதாம், பலகை நட்டிருக்கிறார்களாம். படம் அனுப்பினாள். உண்மைதானா? நமக்கு ஏன் இல்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

உண்மைதான் அம்மா. பிரைடில்வே என்பார்கள். பலகையில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் போகலாம். 1968-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு சைக்கிளும் போகலாம், ஆனால் சைக்கிள்காரர் குதிரைக்கும் நடப்பவருக்கும் வழிவிட வேண்டும்.

எனக்குப் பலகையைவிட அதற்குப் பின்னால் இருக்கிற படம்தான் ஆச்சரியம். 1949-இல் ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு கவுன்டியும் தன் எல்லைக்குள் இருக்கிற பொது வழிகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றார்கள். அந்தப் படத்தில் ஏறிவிட்டால் அதுவே சாட்சி, வேறு பத்திரம் தேவையில்லை. அளவும் எழுதி வைத்திருக்கிறார்கள். வயலைக் குறுக்கே வெட்டிப் போகிற குதிரைப் பாதையை உழலாம். ஆனால் முதல் உழவுக்குப் பிறகு 14 நாளுக்குள் குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்குத் திரும்பச் சமன் செய்து கொடுக்க வேண்டும். வரப்போரமாகப் போகிற பாதையை உழவே கூடாது, 3 மீட்டர் விட வேண்டும். வாசல் வைத்தால் 5 அடிக்குக் குறையக் கூடாது. பண்ருட்டிப் பெரியவரிடம் இதைச் சொன்னால் சிரித்திருப்பார். நான் பொறாமைப்படுகிறேன்.

அதற்காக அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்காதீர்கள். படத்தில் ஏறாமல் விட்டுப்போன பழைய பாதைகள் ஏராளம். அவற்றை ஏற்றுவதற்காகக் குதிரைக்காரர்கள் பழைய வரைபடம், தசமபாகக் கணக்கு என்று ஆவணக் காப்பகங்களில் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1947-இல் தொடங்கிய பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்துக்கு இது ஒரு பெரிய வேலை. அங்கேயும் 20 வருடம் தடையில்லாமல் பொதுமக்கள் நடந்தால் பொது வழி என்று கொள்ளலாம். இருபது வருடக் கணக்கு இரண்டு ஊரிலும் ஒன்றே, பாருங்கள்.

நமக்கு ஏன் இல்லை என்றால், இருக்கிறது அம்மா. புலப்படம் என்கிற பொக்கிஷம் ஒவ்வொரு கிராமத்துக்கும் இருக்கிறது. பலகைதான் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வண்டிப்பாதை தொடங்குகிற முனையில் சர்வே எண்ணும் அகலமும் எழுதி ஒரு கல் நட்டாலே பாதித் தகராறு குறையும் என்பது என் வெகுநாள் ஆசை. சர்வீஸில் இருந்தபோது ஒரு கூட்டத்தில் சொன்னேன். டீ வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

குதிரைக்கு நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் வேண்டுமா?
– கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்

நம்பர் பிளேட் வேண்டாம், அது மோட்டார் வண்டிக்கு. இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. ஆனால் உங்கள் குதிரை யாரையாவது உதைத்தால் செலவு உங்கள் தலையில்.

நான் கரும்பு விவசாயி. வண்டிப்பாதை ஓரம் மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலைந்து குதிரைகளில் பையன்கள் வந்தார்கள். பாதை சேறாக இருக்கிறதென்று கொல்லைக்குள் இறங்கி ஓட்டி, இரண்டு வரப்பையும் உடைத்துவிட்டுப் போனார்கள். கேட்டால் "பாதைதானே" என்கிறார்கள். நான் வேலி போடாமல் என்ன செய்வது? நீங்கள் எப்போதும் குதிரைக்காரர் பக்கம்தான் பேசுவீர்கள்.
– ஒரு விவசாயி, நெல்லிக்குப்பம் அருகே

இந்த முறை இல்லை ஐயா. உங்கள் பக்கம்தான்.

ஒரு குதிரை 350, 400 கிலோ. மழை பெய்த மண்ணில் அது நாலு கால் பாய்ச்சலில் போனால் ஒவ்வொரு குளம்படியும் ஒரு குழி. பூவிட்டு விழுது இறங்குகிற மல்லாட்டையில் அது விழுந்தால் அந்தச் செடி போச்சு. பாதை சேறானால் இறங்கி, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கமே போகக் கூடாது. இதைப் படிக்கிற குதிரைக்காரத் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: ஒரு வரப்பை உடைத்தவன் பத்துப் பாதைக்கு முள்கம்பி வாங்கித் தருகிறான். அந்தப் பையன்கள் யாரென்று தெரிந்தால் வரப்புக் கட்டுகிற கூலியை வாங்குங்கள். தயங்காதீர்கள்.

வேலி போடுங்கள், உங்கள் உரிமை. புலப்படத்தில் உங்கள் எல்லை எதுவோ அதில் போடுங்கள், பாதைக்குள் ஒரு லிங்க்கூட வராமல். முள்கம்பி மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதே, அதில் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்பெல்லாம் படுத்துவிட்டது. விழுந்த மரத்தை வெட்டி எடுத்தபின் பலர் புதிதாக வேலி போட்டார்கள். பழைய கம்பியை யாரும் சுருட்டவில்லை. அதன்மேல் சீமைக் கருவேலம் முளைத்து மூடிவிட்டது. பல வருடம் கழித்து, செவலையை வாங்கிய இரண்டாவது மாதம், அந்தப் பாதையில் நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னங்கால் இடறியது. கீழே பார்த்தால் மண்ணோடு மண்ணாகத் துருப்பிடித்த கம்பி ஒன்று வலது காலைச் சுற்றியிருக்கிறது. குதிரைக்கு மாட்டின் பொறுமை கிடையாது. மாடு கால் மாட்டினால் நின்று பார்க்கும். குதிரை இழுக்கும். மூன்றே இழுப்பு. முழங்காலுக்குக் கீழே தோல் சாக்ஸ் மாதிரி கழன்று தொங்கியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. என் வேட்டியைக் கிழித்துக் கட்டி, இரண்டு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு வந்தேன். நாங்கள் போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

குதிரைக்கு அந்த இடத்தில் சதையே கிடையாது. தோல், நரம்பு, எலும்பு, அவ்வளவுதான். ஆறுவது மெதுவாக. அதிலும் புண் வாயில் கெட்ட சதை வளர்ந்து வெளியே பிதுங்கும். மருத்துவர் அதை இரண்டு முறை வெட்டி எடுத்தார். ஜன்னி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) முன்பே போட்டிருந்ததால் உயிர் தப்பியது. துருப்பிடித்த கம்பி கிழித்த குதிரைக்கு அந்த ஊசி இல்லையென்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நாலு மாதம் நான் குதிரை ஏறவில்லை. யார் போட்ட கம்பி என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். பேசித்தான் அந்தக் கம்பியைச் சுருட்டினோம், சண்டையில் இல்லை.

அதனால் நொச்சி வேலி போடுங்கள், கிளுவைப் போத்து நடுங்கள். அவசரம் என்றால் முள் இல்லாத கம்பி, கண்ணில் படும்படி வெள்ளைத் துணி கட்டி. அரளி மட்டும் வேண்டாம். நான்குவழிச்சாலை நடுத்திட்டில் பூத்துக் குலுங்குகிறதே என்று வேலியில் வைக்கிறார்கள். ஒரு பிடி அரளி இலை ஒரு குதிரையைக் கொன்றுவிடும். உங்கள் மாட்டுக்கும் அதே கதிதான்.

பள்ளி வேன் ஓட்டுகிறேன். போன வாரம் எதிரே மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை ஒன்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தேன். மிரண்டு வண்டியின் மேலேயே வந்து விழப் பார்த்தது. குதிரைக்காரர் என்னைக் கண்டபடி திட்டினார். ஹாரன் அடிப்பது தப்பா?
– ஓட்டுநர், வில்லியனூர்

தம்பி, தப்புதான், ஆனால் தெரியாமல் செய்தது. திட்டியவரும் அன்றைக்கு நாதஸ்வரம், வெடி, செல்பி எல்லாம் தாங்கிய குதிரையோடு வந்திருப்பார். அதற்கும் பொறுமை தீர்ந்திருக்கும், அவருக்கும்.

குதிரையின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம் இடமும், வாலுக்கு நேர் பின்னால் ஒரு பட்டையும் அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் நெருங்குகிற எலக்ட்ரிக் ஸ்கூட்டர் அதனால்தான் லாரியைவிட மோசம். பயந்த குதிரை யோசிக்காது. முதலில் ஓடும், அப்புறம்தான் எதற்கு ஓடினோம் என்று திரும்பிப் பார்க்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதன் காதை. இரண்டு காதும் உங்கள் வண்டிப் பக்கம் விறைத்துத் திரும்பி, தலை நிமிர்ந்துவிட்டால் அது கிளம்பத் தயார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஹாரன் என்பது பட்டாசில் வைக்கிற நெருப்பு.

வேகத்தைக் குறையுங்கள், எஞ்சினை உறும விடாதீர்கள், ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடைவெளி விட்டுக் கடந்து போங்கள். இங்கிலாந்தில் 2022-இல் திருத்திய சாலை விதிகளில் இதையே கணக்காகச் சொல்லியிருக்கிறார்கள்: மணிக்கு 10 மைலுக்குள், அதாவது 16 கிலோமீட்டர், குறைந்தது 2 மீட்டர் தள்ளி. நம் ஊரிலும் சட்டம் சும்மா இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 132-வது பிரிவைப் பாருங்கள். தன் விலங்கு மிரண்டு கட்டுக்கு அடங்காமல் போகும் என்று அதை ஓட்டிவருகிறவர் பயந்து, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னால், ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். குதிரைக்காரர்களுக்கே பாதிப் பேருக்கு இது தெரியாது. அடுத்த முறை அவர் திட்டாமல் கையைக் காட்டட்டும், நீங்கள் நிறுத்துங்கள். உங்கள் வேனில் பின்சீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டி "குதிர, குதிர" என்று கத்தாமல் பார்த்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம், தெரியும்.

எங்கள் நிலம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில். தாத்தா காலப் பத்திரத்தில் ஒரு வழியைப் பற்றி எழுதியிருக்கிறது, ஆனால் எண் இப்போதைய எண்ணோடு ஒத்துப்போகவில்லை. அந்த வழியில்தான் எங்கள் குதிரை வண்டி போகும்.
– ஒரு வாசகர், பாகூர்

உங்கள் தாத்தா பத்திரத்தில் இருப்பது கதஸ்தர் எண்ணாக இருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. இப்போது புழங்குவது மறு அளவை எண், ஆர்.எஸ். நம்பர் என்பார்கள். பின்னால் எழுதிய பத்திரங்களில் இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். அப்பா அல்லது பெரியப்பா காலத்துப் பாகப் பத்திரம் ஒன்றைத் தேடுங்கள், அதுதான் பாலம். பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்ப்பை நம்பகமானவரிடம் கொடுங்கள். வழி என்பதற்கும் வாய்க்கால் கரை என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர் கையில் மாட்டினால் உங்கள் வழி தண்ணீரில் போய்விடும். கடலூர்ப் பக்கச் சட்டப் பிரிவுகளை நான் மேலே சொன்னேன் என்று அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். புதுச்சேரி வக்கீலிடம் காட்டுங்கள்.

பாதை இல்லையென்றால் என்ன, சில்வர் பீச்சில் ஓட்டக் கூடாதா?
– தேவனாம்பட்டினம்

காலை ஆறு மணிக்குள் என்றால் சரி. அலை வந்து போன ஈர மணலில் ஓட்டுங்கள். மேலே உலர்ந்த மணலில் ஓடினால் குதிரையின் நரம்பு இழுத்துக்கொள்ளும். தை, மாசி, பங்குனியில் ஆமை முட்டையிட ஏறுகிற இடங்களில் இருட்டில் போகாதீர்கள். வலை காய்கிற இடத்திலும்தான். வலைக்காரர் கோபம் நியாயமானது. ஞாயிறு மாலை கூட்டத்தில் பிள்ளைகளை ஏற்றி இருபது ரூபாய்க்குச் சுற்றுகிற குதிரைகளைப் பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள். இந்தப் பக்கம் போதாது.

மகளுக்கு 11 வயது. ஒரு வருடமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். வேலிக்குள் நன்றாக ஓட்டுகிறாள். வெளியே செம்மண் பாதையில் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். அவள் அப்பா பயப்படுகிறார். எப்போது அனுப்பலாம்?
– ஒரு அம்மா, ஆரோவில் பக்கம்

பிள்ளை நன்றாக ஓட்டுகிறாள் என்றால் அப்பாவின் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், முழுக்க வேண்டாம். வேலிக்குள் குதிரைக்கு எல்லாம் பழக்கம். வெளியே ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் அதற்கு அது பேய். ஆகவே மகளின் திறமையை மட்டும் பார்க்காதீர்கள், எந்தக் குதிரை என்று கேளுங்கள். வயதான, பாதை பழகிய குதிரையாக இருக்க வேண்டும். துடியான குதிரையில் முதல் சவாரி வேண்டாம்.

நான் என் அக்கா பேரனுக்குச் செய்தது இது. முதல் நாள் அவனைக் குதிரையில் ஏற்றவே இல்லை. பாதை முழுக்க என்னோடு நடக்கவிட்டேன், செவலையை அவன் கையில் கொடுத்து. எங்கே நாய் குரைக்கிறது, எங்கே மோட்டார் கொட்டகையில் திடீரென்று எஞ்சின் போடுவார்கள், எங்கே வழி இறுகி ஓடை மாதிரி பள்ளமாகிறது என்று அவனே குதிரையின் காதைப் பார்த்துக் கண்டுபிடித்தான். உங்கள் பக்கச் செம்மண்ணில் மழைக்குப் பிறகு பாதை நடுவிலேயே ஆள் உயரத்துக்கு அறுத்துவிடும். போன மாதம் இருந்த பாதை இந்த மாதம் இருக்காது. அதனால் மழை விட்டதும் முதலில் நடந்து பாருங்கள், அப்புறம் ஏறுங்கள்.

இரண்டாவது நாள் பெரியவர் ஒருவர் குதிரையில் முன்னால், பிள்ளை பின்னால், நடைவேகத்தில் மட்டும். இரண்டு குதிரைக்கும் நடுவில் ஒரு குதிரை நீளம் இடைவெளி, இல்லாவிட்டால் முன்குதிரை உதைக்கும். ஹெல்மெட் தாடைப் பட்டை மாட்டித்தான். செருப்பு வேண்டாம், குதிகால் உள்ள ஷூ. அப்போதுதான் கால் அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கிற வளையம்) நழுவிச் சிக்காது. திரும்பி வரும்போது குதிரைக்கு வீடு ஞாபகம் வந்துவிடும், ஓடப் பார்க்கும். கடைசிக் கால் கிலோமீட்டரில் இறங்கி, லகானைக் கையில் பிடித்து நடந்தே வரச் சொல்லுங்கள். கால்சட்டை கணுக்கால் வரை நீளமாக இருக்கட்டும். கருவேலங்கிளை முழங்காலைக் கிழித்துவிடும்.